குறையாத கவர்

கேள்வி:
அம்மா, நான் திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வயது 38. தினமும் ஒன்றரை ஷிப்ட், வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் ஓடும். பிடித்தம் போக ஷிப்டுக்கு 600 வீதம் சனிக்கிழமை 5,400 கைக்கு வரும். ஏழு வாரமாக ஆர்டர் இல்லை, வாரத்தில் நாலு நாள்தான் வேலை, 3,600தான் வருகிறது. சமாளிக்க வார ஃபைனான்ஸில் 10,000 எழுதிக் கையில் 8,500 வாங்கினேன். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. அதற்குப் பிறகு போனில் ஒரு லோன் ஆப். 6,800 ஏறியது, மாதக் கடைசியில் 9,500 கட்டச் சொல்கிறது. எனக்குக் குடி, சீட்டாட்டம் என்று எந்தப் பழக்கமும் இல்லை. வீட்டிலும் குறை வைத்ததில்லை, சனிக்கிழமை சம்பளக் கவரை எப்போதும் போல 5,400 குறையாமல் மனைவி கையில் கொடுத்துவிடுகிறேன். அவள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். பாவம், இந்தக் கவலை எதுவும் அவளுக்குத் தெரியாது. இப்போது ஏழாவது படிக்கும் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் 16,000 கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து 35,000 இருந்தால் ரெண்டு மாதம் ஓட்டிவிடுவேன். கிரெடிட் கார்டில் பணம் எடுக்கலாமா, வேறு ஆப் பார்க்கலாமா, நண்பன் சொல்லும் இன்னொரு ஃபைனான்ஸுக்குப் போகலாமா? எதில் வட்டி குறைவு? பெயர் போட வேண்டாம்.

பதில்:
தம்பி, வட்டிக்குப் பிறகு வருகிறேன். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், பெருமையாகவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சம்பளக் கவரை 5,400 குறையாமல் மனைவி கையில் கொடுத்துவிடுகிறீர்கள். நான் அந்த வரியை விட்டு நகரப் போவதில்லை.

கம்பெனியில் கொடுத்த கவரில் 3,600 இருந்தது. வீட்டுக்கு வரும்போது அது 5,400 ஆகிவிட்டது. வழியில் எங்கே நிறுத்தி மீதியைப் போட்டீர்கள்? அந்தக் கவரின் மேல் உங்கள் பெயர், டோக்கன் நம்பர், எத்தனை ஷிப்ட் என்று பேனாவில் எழுதியிருப்பார்களே, அதை என்ன செய்தீர்கள்? 6 என்று இருப்பதை 9 ஆக்குகிறீர்களா, கடையில் புதுக் கவர் வாங்கி நீங்களே எழுதுகிறீர்களா? வேலை இல்லாத அந்த ரெண்டு நாளும் காலையில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள்? இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. ஏழு சனிக்கிழமை இப்படி நடந்திருக்கிறது. இதற்குப் பெயர் குறை வைக்காதது அல்ல தம்பி. கட்டிய மனைவிக்குப் பொய்க் கணக்குக் காட்டுவது.

பணத்தில் இது என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு காகிதத்தில் நீங்களும் எழுதிக்கொண்டே படியுங்கள். சம்பளத்தில் வாரம் 1,800 துண்டு விழுகிறது. ஏழு வாரத்துக்கு 12,600. உங்களுக்கு உண்மையில் வந்த கஷ்டம் அவ்வளவுதான். முதல் ஃபைனான்ஸ் எடுத்த அடுத்த வாரத்திலிருந்தே 1,800-உடன் 1,000 தவணையும் சேர்ந்து வாரத்துக்கு 2,800 ஆனது. 8,500 மூன்று வாரத்தில் தீர்ந்தது, சரியாக அப்போதுதான் ரெண்டாவதை எடுத்திருக்கிறீர்கள். அதன் பிறகு வாரத்துக்கு 3,800. அது ரெண்டு வாரம் தாண்டவில்லை, ஆப் வந்தது. மூன்றிலும் சேர்த்துக் கையில் வாங்கியது 23,800. அதில் 11,000 பழைய கடனின் தவணைக்கே திரும்பிப் போயிருக்கிறது. கவருக்குள் போனது 12,600. மூன்றுக்கும் சேர்த்து நீங்கள் எழுதிக்கொடுத்த வட்டி 1,500, இன்னொரு 1,500, ஆப்புக்கு 2,700. மொத்தம் 5,700.

வாரம் ஆறு நாளும் முழுசாக வேலை பார்த்தால் உங்களுக்கு வரும் சம்பளம் 5,400. அதைவிடக் கூடுதலாக வட்டிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மகளுக்காக அல்ல, அரிசி பருப்புக்கு அல்ல. கவர் கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

வார ஃபைனான்ஸ்காரர் பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறுதானே எடுக்கிறார், பதினைந்து சதவீதம்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் வாரமே ஆயிரம் திரும்பிப் போகிறது. ஐந்தாம் வாரம் பாதிதான் உங்களிடம் இருக்கிறது. பத்தாம் வாரம் ஒன்றுமில்லை. உங்கள் கையில் தங்கிய பணத்துக்கு, தங்கிய நாளுக்குக் கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்குப் பதிமூன்று வட்டிக்கு மேல் வருகிறது. நம் ஊரில் மூன்று வட்டி என்றாலே "அநியாயமுங்க" என்பார்கள். தண்டல் வாரவாரம் வருவதால் பதிமூன்று நம் கண்ணில் படுவதில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடியபோது வந்தது. 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனபோது வந்தது. கொரோனாவில் வந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோதும் வந்தது. பனியன் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் எப்போதும் இருக்கும். அடுத்த இறக்கமும் வரும். ஒவ்வொரு முறையும் கடன் எப்படி வாங்குவது என்றுதான் ஆண்கள் கேட்கிறார்கள். "என் மனைவிக்கு எதுவும் தெரியாது" என்ற வரி கட்டாயம் எங்காவது ஒரு மூலையில் இருக்கிறது.

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். 2011-ல் அவன் சாயப்பட்டறையில் வேலை. பட்டறை மூடியதை வீட்டில் சொல்லவில்லை. காலையில் எட்டு மணிக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பி, அவிநாசி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டின பிறகு வீட்டுக்கு வருவான். வெளியே வட்டிக்கு வாங்கி வாரச் செலவுக்குக் கொடுத்தான். ஐந்து வாரம் கழித்து, வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார் என்ற பயத்தில், ஒரு நாள் ராத்திரி நங்கையிடம் அழுதுகொண்டே சொன்னான். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். அவர் அழவில்லை. "எனக்கு மூணாவது வாரமே தெரியுமுங்க. உங்க நகத்தைப் பார்த்தேன்" என்றார்.

சாயப்பட்டறை ஆள் எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் நீலமோ கறுப்போ நிற்கும். நகம் வளர்ந்து வெட்ட வெட்டத்தான் போகும். சாப்பாடு போடும்போது அந்தக் கை தட்டுக்கு மேலே வெளுத்துக்கொண்டே வந்ததை அவர் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். வாங்கிய கடனை அவர் மன்னித்துவிட்டார். "அந்த ரெண்டு வாரம் நான் தனியாக் கிடந்து பயந்தேன்" என்று என்னிடம் பல வருடம் கழித்துச் சொன்னார். அதை அவர் மறக்கவில்லை.

உங்கள் மனைவி மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். பத்துப் பதினைந்து பெண்களின் சேமிப்பு, உள்கடன், அசல், வட்டி எல்லாம் அவர் கையெழுத்தில் நிற்கிறது. எந்த வீட்டில் பணம் முடை, யார் தவணை தள்ளிப் போகிறது என்பது அந்தக் கூட்டத்தில்தான் முதலில் தெரியும். அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்களும் பனியன் கம்பெனிகளுக்குத்தான் போகிறார்கள். எந்தக் கம்பெனியில் எத்தனை ஷிப்ட் ஓடுகிறது என்று பேக்கரியில் டீ குடிக்கிறவருக்குக்கூடத் தெரிகிற ஊரில், அவருக்கு மட்டும் தெரியாது என்று எந்த நம்பிக்கையில் எழுதினீர்கள்? தெரிந்துகொண்டே அந்தக் கவரை வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றால், உங்களை அவர் என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பார்?

"பாவம்" என்று அவரைச் சொல்லாதீர்கள். ஆண்பிள்ளை சம்பாதித்துக் கொடுக்க வேண்டும், வீட்டுப் பெண்ணுக்குக் கவலை தெரியக் கூடாது என்பதைப் பாசம் என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். குடும்பம் நடத்துகிறவளுக்கு வரவு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அது நீங்கள் இரக்கப்பட்டுக் கொடுப்பது அல்ல, அவருக்கு உரியது. 3,600தான் வருகிறது என்று தெரிந்திருந்தால் அவர் ஏழு வாரத்துக்கு முன்பே கையைச் சுருக்கியிருப்பார். நீங்கள் 5,400 கொடுத்ததால் அவர் 5,400-க்குச் செலவு செய்திருக்கிறார். அந்தச் செலவுக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டியிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குறைந்த வட்டிக்குப் பணம் எங்கே கிடைக்கும் என்று யோசியுங்கள். மனைவியின் குழுவில் கிடைக்கும். மனைவியின் நகைமேல் கிடைக்கும். மாமனார், மச்சான், பங்காளி வீட்டில் கைமாற்றாகக் கிடைக்கும். கம்பெனியில் கேட்டால் அட்வான்ஸ் கிடைக்கலாம். இதில் ஒன்றுகூட வீட்டுக்குத் தெரியாமல் வராது. வீட்டுக்குத் தெரியாமல் ராத்திரி போனில் வருவதும், டீக்கடை ஓரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குவதும்தான் பதிமூன்று வட்டி, அதற்கும் மேல். கட்டுகிறவர் நாணயமான ஆள்தான். ரகசியத்துக்குத்தான் அந்த விலை. அதனால் மனைவிக்குத் தெரியாமல் எது மலிவு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தெரிந்து என்றால் வழி நிறைய இருக்கிறது.

குழுவில் இருந்தே தொடங்குங்கள். 1989-ல் தர்மபுரியில் தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் தொடங்கியதே இந்த மாதிரி நேரத்துக்கு வெளி வட்டிக்காரரிடம் போகாமல் இருக்கத்தான். உள்கடனுக்குப் பெரும்பாலான குழுக்களில் ஒரு வட்டி, மிஞ்சினால் ரெண்டு வட்டி. அந்த வட்டியும் குழுவின் பெட்டிக்கே போகிறது, அதில் உங்கள் மனைவிக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டியது அவர். அவர் பெயரில் உங்களுக்காக வாங்கும் கடனுக்கு ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. அங்கே போகிற மானம் அவருடையது.

அடுத்தது நகை. ஒரு பவுன் வைத்தாலே இன்றைய விலைக்கு நீங்கள் கேட்கும் தொகைக்கு மேலேயே கிடைக்கும். கூட்டுறவுக் கடன் சங்கம், கூட்டுறவு நகர வங்கி, அரசு வங்கி எதிலும் நகைக்கடன் வட்டி வருடத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மாதத்துக்கு ஒரு வட்டிகூட வராது. தனியார் அடகுக் கம்பெனியில் பத்து நிமிடத்தில் பணம் எண்ணி வைப்பார்கள், ஆனால் அங்கே வட்டி கூடுதல், நாள் தவறினால் இன்னும் ஏறும். சங்கத்தில் அரை நாள் காத்திருங்கள். வேலை இல்லாத நாள்தான் ரெண்டு இருக்கிறதே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நகை உங்களுடையது அல்ல. சட்டப்படியும் அது அவருடையது, நியாயப்படியும் அவருடையது. எடுத்துக்கொண்டு போய் வைக்காதீர்கள், கேளுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். கொடுத்தால் ரசீதும் அவரிடமே இருக்கட்டும், மீட்கும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கிரெடிட் கார்டில் பொருள் வாங்குவது வேறு, பணமாக எடுப்பது வேறு. பணமாக எடுத்தால் நாற்பத்தைந்து நாள் வட்டியில்லை என்ற சலுகை கிடையாது. எடுத்த நாளிலிருந்தே மாதம் மூன்று, மூன்றரை வட்டி, எடுப்பதற்குத் தனிக் கட்டணம். நீங்கள் இப்போது கட்டுவதை விட அதுவே குறைவு என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அதற்காக அதை எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நண்பன் சொல்லும் ஃபைனான்ஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பி.எஃப். பணத்தையும் இதற்காகத் தொடாதீர்கள், அது உங்கள் கை தையல் மெஷினில் நிற்க முடியாத வயதுக்கு உரியது.

35,000-ம் தேவையில்லை. ஆப்புக்கு 9,500. முதல் ஃபைனான்ஸில் இன்னும் மூன்று தவணை, ரெண்டாவதில் ஆறு, ஆக 9,000. ஸ்கூலுக்கு நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து நேரில் போய், தலைமை ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லி மூன்று தவணை கேளுங்கள். மகளிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பாதீர்கள், அவள் வகுப்பில் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்போதைக்கு ஸ்கூலுக்கு 6,000. மொத்தம் 24,500, 25,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடனாக ஆறு மாதம் வைத்திருந்தாலும் வட்டி 1,250-ஐ ஒட்டித்தான் வரும். ஏழு வாரத்துக்கு 5,700 கொடுத்தவர் நீங்கள்.

பணம் வந்ததும் முதலில் ஆப். ரிசர்வ் வங்கியிடம் பதிவான கம்பெனிகளின் கடன் ஆப்களை 2025 ஜூலையிலிருந்து அதன் இணையதளத்தில் பட்டியலாகப் போட்டிருக்கிறார்கள். உங்களுடையது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லை, போட்டோவையும் போன் நம்பர்களையும் எடுத்துவைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுங்கள். அந்த ஆப்பை அடைக்க இன்னொரு ஆப்புக்கு மட்டும் போகாதீர்கள். மனைவிக்கு நீங்கள் சொல்வதற்கு முன்னால் அவர்கள் போன் போட்டுச் சொல்லிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வார ஃபைனான்ஸில் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள், அதனால் முன்கூட்டி அடைத்தால் தானாக எதுவும் குறையாது. நேரில் போய், மொத்தமாக முடிக்கிறேன், எவ்வளவு தள்ளுவீர்கள் என்று கேளுங்கள். தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் முடித்துவிடுங்கள். வருகிற 3,600-ல் வாரம் 2,000 தவணைக்கே போனால் வீட்டில் உலை வைக்க முடியாது. வாசலில் வந்து சத்தம் போட்டால் பயப்படாதீர்கள். கந்துவட்டிக்கு 2003-லேயே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்துவிட்டது, மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம்.

அந்த ரெண்டு நாளுக்கும் வேலை தேடுங்கள். ஏற்றுமதி படுத்தாலும் காதர்பேட்டை மொத்தச் சந்தைக்குச் சரக்குப் போடும் உள்ளூர் யூனிட்டுகளில் ஓவர்லாக் ஆளுக்கு வேலை இருக்கும். ஷிப்டுக்கு நூறு குறைவாகக் கொடுத்தாலும் போங்கள். இத்தனை நாள் ஒளிந்து திரிந்ததில் அதைக் கேட்டு அலையக்கூட உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது.

வருகிற சனிக்கிழமை கம்பெனியில் கவரை வாங்கியதும் பையில் வையுங்கள். பிரிக்க வேண்டாம், எங்கும் நிற்க வேண்டாம். ராத்திரி மகள் தூங்கின பிறகு, கவரை அப்படியே மனைவி கையில் கொடுங்கள். மேலே எழுதியிருக்கும் ஷிப்ட் கணக்கை அவர் படிக்கட்டும், பிரித்து எண்ணட்டும். அதன் பிறகு, மேலே நான் போட்ட கணக்கை எழுதின காகிதத்தை அவர் முன்னால் வையுங்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். "உனக்காகத்தான் சொல்லலை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் பேசி முடிக்கிற வரை எழுந்து போகாதீர்கள்.